சாமி ஏறாத தேர்

2019 ஜூலை 26ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள மெட்லைஃப் அரங்கில் அத்லெடிகோ மாட்ரிட் அணி ரியல் மாட்ரிடை 7-3 என்ற கணக்கில் துவைத்தெடுத்தது. இடைவேளையின்போதே 5-0. டியகோ கோஸ்டா ஒருவரே நான்கு கோல் போட்டுவிட்டு, பிறகு ரியலின் கார்வஹாலுடன் தள்ளுமுள்ளில் இறங்க, இருவரும் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். ஒரே ஊரின் இரு பகையாளிகள் ஆடிய ஆட்டம் அது. இன்டர்நேஷனல் சாம்பியன்ஸ் கோப்பை என்று கனமான பெயர் சூட்டப்பட்ட ஒரு போட்டியின் பகுதியும்கூட. லீக்கில் இப்படியொரு கணக்கு வந்திருந்தால் ஒரு தலைமுறைக்கு அதைச் சொல்லிக் காட்டியிருப்பார்கள். நடந்ததோ வேறு. 2020 ஜூலையில் ஸ்பானிய லீக் முடிந்தபோது பட்டம் ரியல் மாட்ரிடுக்கு. 38 ஆட்டங்களில் அவர்கள் வாங்கிய கோல் மொத்தமே 25. அத்லெடிகோ மூன்றாமிடம். அந்த லீக்கில் இரு அணிகளும் மோதிய இரண்டு ஆட்டங்களிலும் அத்லெடிகோவால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. நியூ ஜெர்சியின் ஏழு கோல்களும் எந்தக் கணக்கில் ஏறின என்று பார்த்தால், எதிலும் ஏறவில்லை. அந்த ஆண்டின் சாம்பியன்ஸ் கோப்பையை வென்றது பென்ஃபிகா. அவர்கள் ஊரான லிஸ்பனில்கூட இதை நினைவில் வைத்திருப்பவர்கள் அதிகம் இருக்க வாய்ப்பில்லை.

இது ஏதோ ஒருமுறை நேர்ந்த விபத்து அல்ல. 2014 கோடையில் லூயி வான் கால் மான்செஸ்டர் யுனைடெடின் பொறுப்பை ஏற்றதும் அணியை அமெரிக்காவுக்கு அழைத்துப்போனார். லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸியை 7-0, ரியல் மாட்ரிடை 3-1, இறுதியில் லிவர்பூலை 3-1 என்று வென்று இதே கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். ஆகஸ்ட் 16 அன்று லீக்கின் முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே ஸ்வான்சியிடம் 1-2. பத்து நாள் கழித்து, மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த எம்.கே. டான்ஸிடம் 0-4. மறுபக்கம், 2019 கோடையில் டார்ட்மண்ட், செவிய்யா, நாப்போலி என்று மூன்று அணிகளிடம் தோற்ற லிவர்பூல், அடுத்து வந்த சீசனில் 99 புள்ளிகளோடு, முப்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் லீக் பட்டத்தை எடுத்தது. கோடையிலும் வென்று சீசனிலும் வென்ற அணிகளையும் தேடினால் காட்டலாம். எந்தப் பக்கம் கேட்டாலும் உதாரணம் கிடைக்கிறது என்பதே, கோடை ஆட்டங்களின் முடிவு எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதற்குப் போதுமான சாட்சி.

ஆனால் முடிவுக்கு மதிப்பில்லை என்பதிலிருந்து போட்டிக்கே மதிப்பில்லை என்பதற்குப் பலரும் ஒரே எட்டில் தாவிவிடுகிறார்கள். நான் அந்த இடத்தில் நின்று யோசிக்க விரும்புகிறேன். நம் ஊர்களில் புதிதாகச் செய்த தேரையோ பழுது பார்த்த தேரையோ திருவிழாவுக்கு முன்னால் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். வெள்ளோட்டம் என்று பெயர். அன்று சாமி தேரில் ஏறுவதில்லை. அச்சு தாங்குகிறதா, சக்கரம் சரியாக உருள்கிறதா, வடத்தின் நீளம் போதுமா, முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு மூலை திரும்பும் சூட்சுமம் பிடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கான நாள் அது. வெள்ளோட்டத்தன்று தேர் எவ்வளவு நேரத்தில் நிலைக்கு வந்தது என்று யாரும் கல்வெட்டில் பொறிப்பதில்லை; அதற்காக அந்த நாள் வீண் என்றும் யாரும் சொல்வதில்லை. அச்சு முறிவதாக இருந்தால் அன்றைக்கே முறியட்டும் என்பதுதான் ஏற்பாடு.

ஒரு போட்டிக்கு எடை எங்கிருந்து வருகிறது? இரண்டு வாசல்களிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்: உள்ளே வருவதற்குக் கொடுத்த விலை, வெளியே போவதற்குக் கொடுக்கும் விலை. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆட வேண்டுமானால் சொந்த நாட்டு லீக்கில் ஓராண்டு உழைத்து இடம் பிடிக்க வேண்டும். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும். லீக்கில் கடைசி மூன்று இடங்களுக்குள் விழுந்தால் கீழ்ப் பிரிவு. வருமானம் சரியும், ஆட்டக்காரர்கள் விலகுவார்கள், மைதானக் கடையில் தேநீர் விற்பவர் வரை அதன் வலி போகும். அழைப்புப் போட்டியில் இந்த இரண்டு வாசலும் கிடையாது. உள்ளே வருவதற்குத் தேவை ஓர் அழைப்பு. அழைப்புக்குத் தேவை டிக்கெட் விற்கும் பெயர். தோற்றவர்களும் அதே விமானத்தில், ஏற்கெனவே பேசி முடித்த தொகையோடு ஊர் திரும்புவார்கள். 2019இன் சாம்பியன்ஸ் கோப்பையில் 12 அணிகள் ஆளுக்கு மூன்று ஆட்டம் ஆடின, மொத்தம் 18. பன்னிரண்டு அணிகளுக்கு இடையே நடக்கக்கூடிய மோதல்கள் 66. அதாவது பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று பார்க்காமலேயே பட்டியலில் முன்னே பின்னே நின்றன. இறுதி ஆட்டம் என்று ஒன்று வைக்கவேயில்லை. ஆட்டத்துக்குள் நடப்பதும் இதற்கேற்றபடிதான். இடைவேளையில் பாதி அணியையோ முழு அணியையோ மாற்றிவிடுவார்கள். காலையில் மலையேற்றம் போல ஒரு பயிற்சி, மாலையில் ஆட்டம் என்று, கால்கள் கனத்திருக்கும்போதே வேண்டுமென்றே ஆடவிடுகிற பயிற்சியாளர்கள் உண்டு. ஓர் அணி பயிற்சியின் ஐந்தாம் வாரத்தில் இருக்கும், எதிரணி இரண்டாம் வாரத்தில். அந்த 2019 கோடையில் லிவர்பூலின் சாலா, மானே, அலிசன், ஃபிர்மினோ நால்வரும் ஆப்பிரிக்கக் கோப்பையிலோ கோபா அமெரிக்காவிலோ ஆடிவிட்டு ஓய்வில் இருந்தார்கள். அவர்கள் இல்லாத லிவர்பூலின் தோல்வி எதை அளந்தது?

வெற்றி ஒரு பழக்கம், அது கோடையிலேயே ஊற வேண்டும் என்று எதிர்வாதம் வரும். பயிற்சியாளர்களே பேட்டிகளில் இப்படிச் சொல்வதுண்டு. எனக்கு இது பாதி உண்மையாகத்தான் படுகிறது. புதிதாகச் சேர்ந்த பின்வரிசைக்காரர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்க்காமலேயே இடம் மாறப் பழகுவது, கோல்கீப்பர் எவ்வளவு தூரம் முன்னால் வந்து நிற்கிறார் என்று நடுக்களம் புரிந்துகொள்வது, இவையெல்லாம் உண்மையான எதிரணி முன்னால்தான் படியும். பயிற்சி மைதானத்துக் கூம்புகளுக்கு நடுவே படியாது. ஆனால் இது ஆடுவதால் வருவது, வெல்வதால் வருவதல்ல. 0-3 என்று தோற்றுக்கொண்டே இதைக் கற்றுக்கொள்ளலாம். சொல்லப்போனால், தோற்கும்போது இன்னும் நன்றாகவே தெரியவரும்.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி. அழைப்புப் போட்டிகள் எப்போதுமே எடையற்றவையாக இருந்தனவா? இல்லை. ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள லா கொருன்யாவில் 1946இல் தெரசா எரேரா கோப்பை தொடங்கியது. தெரசா எரேரா பதினெட்டாம் நூற்றாண்டில் ஏழைகளுக்கு மருத்துவமனை எழுப்பிய அந்த ஊர்ப் பெண்மணி. வசூலும் தர்ம காரியத்துக்கே. ஐரோப்பியக் கோப்பை 1955இல்தான் பிறந்தது. அதற்கு முன் வெவ்வேறு நாட்டின் சிறந்த கிளப்புகள் சந்திக்க வேண்டுமானால் யாராவது அழைத்தால்தான் உண்டு. 1952 மார்ச்சில் ரியல் மாட்ரிட் தன் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குக் கொலம்பியாவின் மிய்யோனாரியோஸ் அணியை அழைத்தது. விருந்தாளிகள் வீட்டுக்காரர்களை 4-2 என்று வென்றார்கள். அந்த அணியில் ஆடிய ஆல்ஃபிரெதோ தி ஸ்டெஃபானோ அடுத்த ஆண்டே மாட்ரிடுக்கு வந்து சேர்ந்தார். பிறகு ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள். 1957 ஜூனில், இரண்டாம் முறையாக ஐரோப்பியக் கோப்பையை வென்று பதினைந்து நாளே ஆகியிருந்த ரியலைப் பாரீஸ் போட்டியில் பிரேசிலின் வாஸ்கோ ட காமா 4-3 என்று சாய்த்தது. ஐரோப்பாவின் முதல் அணியைத் தென்னமெரிக்காவின் ஒரு கிளப் சந்திக்க வேறு மேடையே இல்லாத காலம். இரு கண்டங்களின் வெற்றியாளர்கள் மோதும் இன்டர்கான்டினென்டல் கோப்பை 1960இல்தான் வந்தது. 1963 ஆகஸ்டில் ஒரு போட்டிக்காகக் கராகஸ் போயிருந்த தி ஸ்டெஃபானோவை வெனிசுவேலாவின் கெரில்லாக்கள் விடுதியிலிருந்து கடத்தி, மூன்றாம் நாள் ஒரு கீறலும் இல்லாமல் விட்டார்கள். உலகம் தங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். உலகம் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில்தானே அப்படிச் செய்வார்கள்.

ஆகவே போட்டியின் எடை போட்டிக்குள் மட்டும் இல்லை. சுற்றிலும் எது இல்லையோ அதிலும் இருக்கிறது. கண்டம் தாண்டிய கோப்பைகள் வந்தன, செயற்கைக்கோள் ஒளிபரப்பு வந்தது, பெரிய அணிகள் ஆண்டுதோறும் ஒன்றையொன்று பார்த்துச் சலிக்கும் நிலை வந்தது. தெரசா எரேரா கோப்பையும் பாரீஸ் போட்டியும் மாறிவிடவில்லை. அவற்றுக்கு எடை கொடுத்த பஞ்சம் தீர்ந்துவிட்டது. அந்தப் பஞ்சம் தீர்ந்த பிறகும் சில ஊர்கள் தங்கள் கோப்பையைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தெற்கு ஸ்பெயினின் காடிஸ் நகரில் 1955இலிருந்து நடக்கும் ரமோன் தெ கரான்ஸா கோப்பை ஓர் ஊர்த் திருவிழாவாகவே ஆகிவிட்டது. இறுதி ஆட்டத்தன்று இரவு ஊரே கடற்கரையில் இறங்கி அடுப்பு மூட்டி மீன் சுட்டுத் தின்னும் வழக்கம், குப்பை தாங்காமல் நகராட்சி தடுக்கும்வரை பல ஆண்டு நீடித்தது. கோப்பையை யார் வென்றார்கள் என்பதைவிட அடுப்புக்கு எங்கே இடம் பிடிப்பது என்பதே பெரிய கவலையாக இருந்திருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

காடிஸிலிருந்துதான் என் வாதத்துக்கு வேண்டிய முக்கியமான சான்றும் கிடைக்கிறது. 1962இல் அங்கே பார்சலோனாவும் சரகோசாவும் மோதிய இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் சமனில் நின்றது. கோப்பையை அன்றிரவே கொடுத்தாக வேண்டும். வந்த அணிகள் ஊர் திரும்ப வேண்டும். மறு ஆட்டத்துக்கு நாளில்லை. உள்ளூர்ப் பத்திரிகையாளர் ரஃபேல் பய்யெஸ்தெர் சொன்ன யோசனைப்படி ஒவ்வோர் அணியும் வரிசையாக ஐந்து பெனால்டி அடித்தது, பார்சலோனா வென்றது. வேறு சில நாடுகளின் உள்நாட்டுக் கோப்பைகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இதைச் செய்து பார்த்திருந்தார்கள் என்றாலும், ஆண்டுதோறும் பெரிய அணிகள் கூடும் ஒரு மேடையில் அது நிலைபெற்றது காடிஸில்தான். அதே காலத்தில் அதிகாரபூர்வமான போட்டிகள் என்ன செய்துகொண்டிருந்தன? 1968 ஐரோப்பிய நாடுகள் கோப்பையின் அரையிறுதியில் இத்தாலிக்கும் சோவியத் யூனியனுக்கும் இடையே நாணயம் சுண்டிப் போட்டார்கள். இத்தாலி தலையா பூவா சொல்லி இறுதிக்குப் போய்க் கோப்பையையும் வென்றது. எடை மிகுந்த போட்டி பழையதை விடப் பயந்தது. எடையில்லாத போட்டி புதியதைத் துணிந்து செய்தது. 1970 ஜூனில் விதிகளை வகுக்கும் சர்வதேசக் குழு பெனால்டி முறையை ஏற்றது. இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 5 அன்று, ஒரு பீர் கம்பெனியின் பெயரில் நடந்த வாட்னி கோப்பையின் அரையிறுதியில் ஹல் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெடும் சமனில் முடிக்க, இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து தன் முதல் பெனால்டி மோதலைப் பார்த்தது. முதல் பந்தை அடித்தவர் ஜார்ஜ் பெஸ்ட். முதலில் தவறவிட்டவர் டெனிஸ் லா. அதைத் தடுத்த ஹல் கோல்கீப்பர் இயன் மெக்கெக்னி, தன் அணிக்காகக் கடைசிப் பந்தைத் தானே அடிக்க வந்து தவறவிட்டார். எல்லாச் சோகங்களும் கேலிகளும் அந்த ஒரே மாலையில் ஒத்திகை பார்க்கப்பட்டுவிட்டன. 1982இல் உலகக் கோப்பையின் முதல் பெனால்டி மோதல், மேற்கு ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இடையே, செவிய்யாவில் நடந்தது. காடிஸ் இருக்கும் அதே அந்தலூசியா. 1994இல் பாஜியோ வானத்துக்கு அடித்த பந்தும், 2022இல் அர்ஜென்டினாவுக்குக் கோப்பையைத் தந்த பந்தும் அந்த வெள்ளோட்டத்தின் வாரிசுகள். சோதனைகள் எல்லாமே நிலைத்துவிடும் என்றில்லை. லண்டனில் அர்செனல் 2007இலிருந்து நடத்தும் எமிரேட்ஸ் கோப்பையில் அடித்த ஒவ்வொரு கோலுக்கும் ஒரு புள்ளி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் அர்செனல் கடைசி ஆட்டத்தில் செவிய்யாவிடம் 1-2 என்று தோற்றும் கோப்பையைத் தூக்கியது. யாரும் அந்த விதியை இரவல் கேட்கவில்லை. கெட்டுப்போனாலும் யாருக்கும் நட்டமில்லாத இடத்தில் அந்த யோசனை கெட்டுப்போனது நல்லதுதான்.

விதிகளுக்குப் பொருந்துவது ஆட்டக்காரர்களுக்கும் ஓரளவு பொருந்தும். 2005 ஆகஸ்ட் 24 அன்று பார்சலோனா தன் ஜோன் காம்பெர் கோப்பைக்கு யுவென்டஸை அழைத்தபோது, 18 வயது மெஸ்ஸி முதல் அணியோடு முழுப் பொறுப்பில் ஆட இறக்கப்பட்டார். ஆட்டம் முடிவதற்குள்ளேயே யுவென்டஸின் பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோ அந்தப் பையனைத் தனக்கு இரவலாகத் தர முடியுமா என்று கேட்டுவிட்டார். மெஸ்ஸியை உலகம் எப்படியும் கண்டுபிடித்திருக்கும் என்பது சரிதான். கோப்பையும் அன்று பெனால்டியில் யுவென்டஸுக்கே போனது. ஆனாலும் பதினெட்டு வயதில் ஒருவரை கன்னவாரோ, வியெரா போன்றவர்களுக்கு எதிரே, தோற்றாலும் புள்ளி போகாது என்ற தைரியத்தில் இறக்கிவிட வேறு எந்த ஆட்டம் இடம் கொடுக்கும்?

இனி பார்வையாளர். அழைப்புப் போட்டிகளுக்காகப் பேசுபவர்கள் வைக்கும் வலுவான வாதம் இவரைப் பற்றியதே. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ நள்ளிரவுக்கு அலாரம் வைத்து எழுந்து இருபது ஆண்டுகளாக டாட்டன்ஹாமையோ லிவர்பூலையோ பார்க்கிறவருக்கு லண்டன் டிக்கெட் கனவு. கோடையில் அணி அவர் ஊருக்கு வந்தால் அதுதான் அவருடைய ஒரே ஆட்டம். அது பொருட்டல்ல என்று சொல்ல யாருக்கு உரிமை? யாருக்கும் இல்லை. 2014 ஆகஸ்டில் மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் யுனைடெட்–ரியல் ஆட்டத்துக்கு 1,09,318 பேர் வந்தார்கள். அமெரிக்காவில் அதுவரை எந்தக் கால்பந்தாட்டத்துக்கும் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. 2019 ஜூலை 21 அன்று சிங்கப்பூரில் கடைசி நிமிடத்தில் ஹாரி கேன் நடுக்கோட்டருகிலிருந்து ஒரே அடியாக அடித்து, யுவென்டஸை டாட்டன்ஹாம் 3-2 என்று வென்றது. அந்த கிளப்புக்காக கேன் அடித்த 280 கோல்களில் அது சேராது. அவருடைய மிக அழகான கோல்களில் ஒன்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அன்று அரங்கில் இருந்தவர்களின் கண்ணில் இருக்கிறது. அந்த அளவில் அது அவர்களுக்கே சொந்தம், லண்டன்காரர்களுக்கு இல்லாத சொத்து.

ஆனால் அவர் பணம் கொடுத்து வாங்கியது எதை என்று கவனிக்க வேண்டும். நியூ ஜெர்சியில் ஏழு கோல் விழுந்த அதே 2019 ஜூலை 26 அன்று, தென்கொரியாவின் சோல் நகரில் யுவென்டஸ் அங்குள்ள லீக் நட்சத்திர அணியோடு ஆடியது. யுவென்டஸ் தாமதமாக வந்து ஆட்டம் ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்கியது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் காத்திருக்க, குறைந்தது 45 நிமிடம் ஆடுவார் என்று ஒப்பந்தத்தில் எழுதி விளம்பரம் செய்யப்பட்ட கிறிஸ்டியானோ ரொனால்டோ இருக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். 2020இல் இஞ்சியோன் நீதிமன்றம் இரண்டு பேருக்கு நட்டஈடு தரச் சொன்னது. ஆட்டம் 3-3 என்று ஆறு கோலோடு முடிந்ததே, அதைப் பற்றி ஒருவரும் வழக்காடவில்லை. கோப்பையல்ல, முடிவல்ல, ஆட்டம்கூட அல்ல. ஒரு மனிதர் கண்ணெதிரே இருக்கும் நிமிடங்கள்தான் விற்கப்பட்டன. தரிசனம் என்ற சொல் இதற்குப் பொருந்தும். தரிசனத்தில் தவறேதும் இல்லை. ஆனால் தரிசனத்தைப் போட்டி என்று சொல்லி விற்கும்போது, வெள்ளோட்டத்துத் தேரில் உண்டியல் கட்டிவிட்டு உள்ளே சாமி இருக்கிறது என்று சொல்வது போலாகிறது.

அந்தப் பொய்க்கு ஆட்டக்காரரின் முழங்காலும் விலை கொடுக்கிறது. 2019இன் அதே சாம்பியன்ஸ் கோப்பையில், ஜூலை 23 அன்று வாஷிங்டனுக்கு அருகே அர்செனலுக்கு எதிராக கோல் அடித்த சில நிமிடங்களில் ரியலின் மார்கோ அசென்சியோ முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். மறுபடி களத்தில் இறங்கியது 2020 ஜூனில். காயம் பயிற்சியிலும் வரும் என்பார்கள், வரும். பயிற்சிக்கு அட்லாண்டிக்கைத் தாண்டி, ஒரு வாரத்தில் மூன்று நகரம் மாற வேண்டியதில்லை என்பதும் உண்மை. வியாபாரத்தின் பசியும் அங்கேயே நிற்கவில்லை. 2017 ஜூலையில் ரியலையும் பார்சலோனாவையும் மயாமியில் மோதவிட்ட ரெலவென்ட் நிறுவனம் அடுத்த ஆண்டே ஸ்பானிய லீக்கோடு ஒப்பந்தம் போட்டு, ஜிரோனா–பார்சலோனா லீக் ஆட்டத்தையே மயாமிக்குக் கொண்டுபோகப் பார்த்தது. எதிர்ப்பில் அது நின்றது. 2025 டிசம்பரில் விய்யாரியால்–பார்சலோனா ஆட்டத்தை அங்கே நடத்த மறுபடி முயன்றார்கள். ஸ்பெயினின் ஆட்டக்காரர்கள் லீக் ஆட்டங்களின் தொடக்கத்தில் பதினைந்து விநாடி அசையாமல் நின்று எதிர்ப்பைக் காட்டினார்கள். அக்டோபரிலேயே திட்டம் கைவிடப்பட்டது. விருந்துக்குப் போன வீட்டில் மனை அளந்து பார்ப்பது என்பது இதுதான். சாமி இல்லாத தேருக்கே இவ்வளவு கூட்டம் என்றால், சாமியையே தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன என்ற கணக்கு.

ஃபிஃபா வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. 2025 ஜூன், ஜூலையில் அமெரிக்காவில் 32 அணிகளோடு கிளப் உலகக் கோப்பை. பரிசும் பங்குமாக நூறு கோடி டாலர். கோடைச் சுற்றுலாவாக இருந்ததற்கு எடை ஏற்றி, அதிகாரபூர்வ முத்திரை குத்தியாகிவிட்டது. ஜூலை 13 அன்று அதே மெட்லைஃப் அரங்கில் செல்சி பாரீஸ் அணியை 3-0 என்று வென்றது. முப்பத்தைந்தாம் நாள் செல்சியின் அடுத்த லீக் சீசன் தொடங்கியது. பாரீஸ் அணிக்கு இன்னும் குறைவு: சரியாக ஒரு மாதம் கழித்து, ஒரு நட்பு ஆட்டம்கூட ஆடாமல், உதினேயில் ஐரோப்பிய சூப்பர் கோப்பைக்கு டாட்டன்ஹாம் முன்னால் நின்றது. 84 நிமிடங்கள் வரை 0-2. கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் அடித்துச் சமன் செய்து, பெனால்டியில் வென்றார்கள். வெள்ளோட்டமே இல்லாமல் வெல்ல முடிகிறதே, பிறகு அது எதற்கு என்று இதைக் காட்டிக் கேட்கலாம். அந்த 84 நிமிடங்களைத் திரும்பப் பார்க்கச் சொல்வேன்: தேர் ஓடியது, ஆனால் ஒவ்வொரு மூலையிலும் கிறீச்சிட்டது. எடையற்ற ஆட்டங்களுக்கு இருந்த வாரங்களை எடையுள்ள ஆட்டங்கள் விழுங்கிவிட்டால், சோதித்துப் பார்ப்பதையும் பழுதாவதையும் இனி திருவிழாவன்றே செய்ய வேண்டிவரும்.

எடை பஞ்சத்திலிருந்து வருகிறது என்று மேலே சொன்னதற்கு இந்தியாவிலேயே அண்மையில் ஒரு சான்று கிடைத்தது. 1888இல் சிம்லாவில் தொடங்கி இன்றுவரை ராணுவம் நடத்திவரும் டூரண்ட் கோப்பை, ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி. இந்தியன் சூப்பர் லீக் வந்தபிறகு அந்தப் பெரும் பெயர் லீக் அணிகளின் முன்தயாரிப்பு மேடையாகச் சுருங்கியது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்து சேர்வதற்குள் இளையவர்களை ஆடவிட்டுப் பார்க்கும் இடம். 2025இல் அனைத்திந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுபட்டு, லீக் நிறுத்திவைக்கப்பட்டது. டூரண்ட் கோப்பைக்கு லீக் அணிகளில் ஆறு மட்டுமே வந்தன. சென்னையின் எஃப்சி வரவில்லை. அந்த ஆகஸ்ட் மாதம் முதல் அணியின் செயல்பாடுகளையே தற்காலிகமாக நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. 23ஆம் தேதி கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் 6-1 என்று டைமண்ட் ஹார்பரை வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. ஆறு கோலும் எதற்கான முன்னோட்டம் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. வெள்ளோட்டம் முடிந்து தேர் நிலைக்கு வந்து நின்றது. வடத்தைச் சுருட்டி வைத்தார்கள். திருவிழா நாள் குறிக்கப்படவில்லை.